பாசித் தொட்டிக்கு எதற்குப் பலகை?

போன வாரம் நான் பாசிக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருத்தி சிவப்புத் தொட்டிகளின் தலைமாட்டில் தொங்கும் சிலேட்டுப் பலகைகளைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றில் 5 என்று எழுதியிருந்தது, அடுத்ததில் 3. "எத்தனை நாள் பாக்கின்னு கம்ப்யூட்டர்லயே இருக்குதுங்களே மேடம், பாசிக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். பெயரைச் சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரியும். நல்ல கேள்விதான். உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். வளர்ப்பு முறையும் உர அளவும் உங்கள் கையேட்டில் இருக்கின்றன. அதில் இல்லாத அந்தப் பலகையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டிய இடங்கள் இதில் நிறைய வரும். சங்கடப்படாமல் படியுங்கள்.

தேயிலை விழுந்துபோன வருஷங்கள் அவை. பச்சைக் கொழுந்துக்குக் கிடைத்த விலை, அதைப் பறிக்கிற கூலிக்கே போதவில்லை. கீழ் கோத்தகிரிப் பக்கம் பலர் பறிக்காமலே விட்டுவிட்டார்கள். இடுப்பளவில் நிற்க வேண்டிய செடி ஆள் உயரத்துக்கு மரமாகி நின்றது. திருப்பூர் போகிற பஸ்ஸுக்கு மூட்டை முடிச்சோடு காத்து நிற்கும் குடும்பங்களைத் தினமும் பார்க்கலாம். நீங்கள் வேலை செய்யும் இந்தக் கூடம் அப்போது பூட்டிக் கிடந்த ஒரு டீ ஃபேக்டரி. அதன் முதலாளிக்கு மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை. பாசி வளர்க்கலாம் என்று யாரோ சொல்ல, ஆழம் பார்க்காமல் காலை விட்டார். சமவெளியில் ஒரு சுருள்பாசிப் பண்ணையில் மூன்று வருஷம் வேலை பார்த்திருந்த என்னைக் கூட்டி வந்தார்.

நானும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. வெயில் ஊரில் கற்றதை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு மலையேறினேன். சுருள்பாசி சூடு கேட்கும். மார்கழிப் பனியில் ஒரே வாரத்தில் மஞ்சளாகி அடியில் படுத்துவிட்டது. முதலாளி தொட்டியை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்மிணி, இதுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போட்டா எந்திரிக்குமுங்களா?" என்றார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள், குளிர்ந்த நல்ல தண்ணீரில் வளரும் வேறொரு பாசி இருக்கிறது என்று போய்ச் சொன்னேன். அதுதான் நீங்கள் இன்று வளர்க்கும் ஹெமட்டோகாக்கஸ்.

அதன் குணம் உங்களுக்குத் தெரியும். உரமும் மிதமான வெளிச்சமும் இருக்கிறவரை பச்சையாக, இரண்டு வாலை ஆட்டிக்கொண்டு நீந்தும், பெருகும். உரத்தை நிறுத்தி வெயிலில் விட்டால் நீச்சலை விட்டுவிட்டு உருண்டுகொள்ளும். தடித்த தோல் ஒன்றைப் போர்த்திக்கொண்டு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உள்ளே சிவப்பைச் சேர்க்கும். சத்து மாத்திரைக்கும் மீன் தீவனத்துக்கும் போகிற அந்தச் சிவப்புதான் நம் சரக்கு. எண்ணிக்கை வேண்டுமென்றால் ஊட்ட வேண்டும், நிறம் வேண்டுமென்றால் பட்டினி போட வேண்டும். இதை உங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அன்று என்னோடு வேலை செய்த பன்னிரண்டு பேருக்கு நான் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். படித்தவள் என்ற கொழுப்பு.

அந்தப் பன்னிரண்டு பேரில் இருவரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் ஃபேக்டரியின் பழைய டீ மேக்கர். இலை வாடியதா இல்லையா, அரைத்த இலை பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு வந்ததா இல்லையா என்பதை மூக்கை வைத்தே சொல்கிறவர். பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று எனக்குக் கட்டளை. தேயிலை நின்றதும் எங்களிடம் பம்பையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டார். இன்னொருத்தி பாக்கியம். எனக்குச் சம வயது. இலங்கை மலைநாட்டுத் தோட்டமொன்றில் பிறந்து, சிறுமியாக இருந்தபோது பெற்றோரோடு கப்பலேறி வந்தவள். டீயை அவள் கடைசிவரை தேத்தண்ணி என்றுதான் சொன்னாள். எங்களிடம் வருமுன் எஸ்டேட்டில் பல வருஷம் செடிகளுக்கு உரம் போடும் கூட்டத்தில் இருந்தாள். வெளிறிய செடியைக் கண்டால் பாக்கியத்தின் கை தானாக உர வாளிக்குப் போகும் என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

அவள் புருஷன் முன்பே திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தார். அவளையும் வரச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் கோத்தகிரியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பாதியில் பிடுங்கிக்கொண்டு போனால் படிப்பு போய்விடும். அதனால் தினமும் காலையில் வருகைப் பதிவுக்குப் பேர் எழுதும்போது முதலாளியிடம் பாக்கியம் ஒரே கேள்வியைக் கேட்பாள். "இன்னும் எத்தன நாளைக்கு வேல இருக்குமுங்க?" அவரும் ஒரே பதிலைச் சொல்வார். "சொல்ற வரைக்கும் வாங்க." கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கே தெரியாது, அவ்வளவுதான்.

எல்லாமே முதல் சரக்கை நம்பி இருந்தது. அதை வாங்குவதற்குக் கொச்சியிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் கூடம் ஓடும். பிடிக்காவிட்டால் மறுபடியும் பூட்டு, பன்னிரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு. கூடத்தின் கூரையில் பாதித் தகட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போன்ற தகடு போட்டிருந்தார் முதலாளி. அந்த வெளிச்சத்தில் நான்கு தொட்டிகள், நான்கிலும் அருமையான பச்சை. கொச்சிக்காரர் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தபோது எல்லாரையும் கூப்பிட்டு, "இன்னையிலிருந்து யாரும் எதுவும் போடக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். பாக்கியம் ஏதோ கேட்க வாயெடுத்தாள். "சொன்னதைச் செய்யுங்க போதும்" என்றேன்.

நான்காம் நாள் காலையில் மூன்று தொட்டிகள் மங்கி, லேசாகப் பழுப்பு தட்டியிருந்தன. சரியான பாதைதான். மூன்றாம் நம்பர் தொட்டி மட்டும் அரளி இலை மாதிரி பச்சைப் பசேலென்று நின்றது. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்த கதை. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வயிறு முட்டச் சாப்பிட்ட பாசி. பிரிந்து பிரிந்து குட்டி போட்டுக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. தண்ணீர் விடுகிறவர் டீ மேக்கர், ஆகவே தப்பும் அவருடையது என்று முடிவு கட்டிவிட்டேன். உரக் கரைசல் போகிற குழாயை மாற்றித் திறந்துவிட்டார் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். முப்பது வருஷம் ஒரு ஃபேக்டரியின் பேரைக் காப்பாற்றிய மனுஷர். மஃப்ளரை அவிழ்த்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றைக்கு அந்த மஃப்ளரை அவர் மடித்த விதம் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

பாக்கியம்தான் முன்னால் வந்தாள்.

"அவர ஏசாதீங்க டீச்சரம்மா. நாந்தான் போட்டேன்." மைக்ராஸ்கோப்பைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்கள் எனக்கு வைத்த பெயர் டீச்சரம்மா.

"என்ன போட்டீங்க?"

"யூரியா. பழைய ஸ்டோர்ல கெடந்துச்சு. கையால ஒரு சிறங்க, முந்தாநாளு. நேத்து இன்னொரு சிறங்க."

"நான்தான் போடாதீங்கன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. அது நான் பாக்குற தொட்டிங்க. நாளுக்கு நாள் வெளிறிக்கிட்டே வந்துச்சு. நீங்க மறந்துட்டீங்களோ, இல்ல ஒரம் வாங்க வழியில்லாம சொல்றீங்களோன்னு நெனச்சேன். பசியில சாவுறத பக்கத்துல நின்னு பாக்க முடியல."

அந்த நேரம் பார்த்து முதலாளியின் ஜீப் வந்து நின்றது. தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "மூணாம் நம்பர்ல என்னங்க ஆச்சு? யாரு வேல இது?" பாக்கியம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் பெயரைச் சொன்னால் அன்றே கணக்கு முடிந்திருக்கும்.

"என் தப்புங்க" என்றேன். "உரத்த நிறுத்தச் சொன்னேன். எதுக்குன்னு சொல்லல."

இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாயைத் திறந்த பிறகுதான் அது உண்மை என்றே எனக்கு உறைத்தது.

"தப்புன்னு சொல்லிட்டா செவந்துருமுங்களா?" என்றார் முதலாளி.

"எட்டு நாள் குடுங்க."

"நான் எங்கீங்க குடுக்கறது? கொச்சிக்காரர் குடுக்கோணும்." அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வெளியே போய் டீ மேக்கரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஏனுங்கண்ணா, உள்ள வாங்க" என்று இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார். பன்னிரண்டு பேரையும் மைக்ராஸ்கோப்பின் முன் வரிசையாக நிறுத்தினேன். முதலில் மூன்றாம் தொட்டிச் சொட்டு, அடுத்தது முதல் தொட்டியில் உருண்டு சிவக்கத் தொடங்கியிருந்த ஒன்று. ஏன் பட்டினி போடுகிறோம், எத்தனை நாள், அதற்குள் பாசி தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது என்று எல்லாம் சொன்னேன். பாக்கியம் வெகு நேரம் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதச் சொல்லியிருந்தா போட்டிருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குப் போடுறேன்?" தலையை நிமிர்த்தினாள். "எத்தன நாளுன்னு தெரிஞ்சா எந்தப் பசியும் பொறுத்துக்கலாமுங்க. எங்களுக்குத்தான் எத்தன நாளுன்னு யாரும் சொல்லல."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

துக்கப்பட நேரமில்லை. போட்ட யூரியாவைத் தண்ணீரிலிருந்து பொறுக்கி எடுக்க முடியாது. என்ன செய்வது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதையும் வாய்விட்டுச் சொன்னேன். சொன்னது நல்லதாகப் போயிற்று.

"அரிசி களையிற மாதிரி களைஞ்சா என்னங்க?" என்றாள் பாக்கியம். காற்றுப் பம்பை நிறுத்தினோம். தின்று கொழுத்ததில் பாதிக்கு மேல் வாலை உதிர்த்துவிட்டுச் சோம்பிக் கிடந்தது. மதியத்துக்குள் அது அடியில் படிந்துவிட்டது. மேல் தண்ணீரை வடித்தோம். நீந்திக்கொண்டிருந்தது அதோடு போயிற்று, போகட்டும் என்று விட்டேன். ஊற்றுத் தண்ணீரை விட்டு இன்னொரு முறை களைந்தோம்.

டீ மேக்கர் அதுவரை பேசவில்லை. "எட்டு நாள்ல வாடோணும்னா இத்தன ஆழத்துல ஆகாதுங்க அம்மிணி" என்றார் இப்போது. "எலையக் குமிச்சு வெச்சா வாடுமுங்களா? மெல்லிசா விரிக்கோணும். மேல டிரஃப் சும்மாதான கெடக்குது."

கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற நீளமான மேடைகள் அவை. மாடியில் தூசி படிந்து கிடந்தன. கம்பி வலைக்கு அடியில் பலகை முட்டுக் கொடுத்து, மேலே பிளாஸ்டிக் விரிப்பை விரித்தோம். கீழிருந்து மாடிவரை படிக்கு ஒருவராக நின்று வாளி வாளியாகக் கைமாற்றினோம். நானும் ஒரு படியில் நின்றேன். டீச்சரம்மா நடுப்படியில் நின்றால் பாதித் தண்ணீர் சிந்துகிறது, மேல்படிக்கு மாற்றுங்கள் என்று ஒரு பெண் சத்தம் போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், டீ மேக்கர் உட்பட. நான்கு விரல் ஆழத்துக்குப் பாசி பரவி நின்றது.

ஒவ்வொரு டிரஃப்பின் தலைமாட்டிலும் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கியது. எந்த இலையை எத்தனை மணிக்குப் பரப்பினார்கள் என்று டீ மேக்கர் எழுதிவைக்கிற பலகை. பாக்கியம் புடவைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் கேட்டு வாங்கி, பெரிதாக 8 என்று எழுதினாள்.

மறுநாள் 7. அதற்கடுத்த நாள் 6, அன்றைக்கே மூடுபனி இறங்கியது. இரண்டு நாள் சூரியன் தலைகாட்டவில்லை. பலகையில் 4 என்று மாறியபோது டிரஃப்பில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. கழுவாத காக்கிச் சட்டையின் நிறம். செத்துக்கொண்டிருக்கிறதா, மாறிக்கொண்டிருக்கிறதா? மைக்ராஸ்கோப்பில் பார்த்தும் எனக்கு நிச்சயமில்லை. பயம் வந்துவிட்டால் படிப்பெல்லாம் பறந்துவிடும். கொஞ்சமே கொஞ்சம் உரம் கொடுத்து உயிரையாவது பிடித்துவைப்போம் என்று கரைசல் ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறினேன். ஆமாம், நானேதான்.

டிரஃப்பின் முன்னால் பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். ஜாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பலகையில இன்னும் நாலுன்னு இருக்குதுங்க டீச்சரம்மா."

"செத்துப் போச்சுன்னா?"

அவள் திரும்பி டீ மேக்கரைக் கூப்பிட்டாள். அவர் வந்து குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு டிரஃப்பின் நீளத்துக்கும் மூக்கை வைத்து நடந்தார். "நாறல அம்மிணி. மழ பேஞ்ச மண்ணு வாசம்தான் வருது. செத்துருந்தா இந்நேரம் நிக்க முடியாது" என்றார். ஜாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். பாக்கியமே அதை வாங்கிக்கொண்டு போய்க் கரைசல் அறையில் வைத்துப் பூட்டினாள். சாவியை என்னிடம் தரவில்லை.

பலகையில் 3 என்றிருந்த காலை பனி விலகி வெயில் அடித்தது. மதியம் டிரஃப்பின் ஓரத்தில் ஒரு செங்கல் நிறம். மறுநாள் நடுவிலும். கடைசி நாள், குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போல் மேடை முழுக்கச் சிவந்து கிடந்தது. அன்றைக்கு நான் அழுதேன். வெங்காயம் நறுக்கினேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். பாசிக்கூடத்தில் வெங்காயம் ஏது?

கொச்சிக்காரர் வந்தார். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் கொஞ்சம் விழுதை எடுத்து வெள்ளைத் தாளில் இழுவினார். நான்கு கோடுகள். மூன்றாவது கோட்டில் விரலை வைத்து, "இது எந்த டாங்க்?" என்றார்.

"டாங்க் இல்லைங்க சார். டீ வாட்டற டிரஃப்" என்றார் முதலாளி. அவருக்கே கொஞ்சம் வெட்கம்.

"இனி எல்லாம் அதிலே தன்னே செய்யணும்" என்றார் கொச்சிக்காரர். மெல்லிசாகப் பரவியதில் ஒவ்வொரு பாசிக்கும் வெயில் நன்றாகக் கிடைத்திருக்கிறது, அதனால்தான் மற்ற மூன்றைவிட அது சிவந்திருந்தது. உங்கள் கையேட்டில் சிவப்புத் தொட்டி நான்கு விரல் ஆழம் என்று போட்டிருக்கிறதே, அதை வகுத்தது ஒரு டீ மேக்கரும், யூரியா போட்ட ஒரு பாக்கியமும்தான்.

அடுத்த நாள் காலை பேர் எழுதும்போது பாக்கியம் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். முதலாளி வழக்கமான பதிலுக்கு வாயெடுத்தார். நான் மாடியிலிருந்து ஒரு பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"பாசிக்கே எட்டு நாள்னு எழுதி வெச்சோமுங்க. இவங்களுக்கும் ஒண்ணு எழுதுங்க."

"தெரியாதத எப்படீங்க எழுதறது?"

"தெரிஞ்ச வரைக்கும் எழுதுங்க."

முதலாளி பலகையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு சாக்பீஸை எடுத்து, ஆறு மாசம் என்று எழுதினார். எழுதியதைத் தானே ஒரு முறை படித்துப் பார்த்துக்கொண்டார்.

பாக்கியம் அன்று மதியம் ஒரு மணி நேரம் லீவு கேட்டுக் கோத்தகிரிக்குப் போனாள். போன் பூத்திலிருந்து புருஷனிடம் பேசிவிட்டு வந்தாள். "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஆறு மாசம் இருக்குன்னு சொன்னேன். புள்ள பரீட்ச எழுதிருவா" என்றாள். எழுதினாள், பாஸும் ஆனாள்.

அந்தப் பலகையில் எப்போதும் பெரிய எண்ணே இருந்ததில்லை. ஒரு வருஷம் அது வெறும் இரண்டு மாசம் என்று இறங்கியது. முதலாளி அதையும் மறைக்காமல் எழுதினார். மூன்று பேர் அந்த இரண்டு மாசத்துக்குள் வேறு வேலை தேடிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள், எண் மறுபடியும் ஏறியது. பாக்கியம் எனக்கு ஒரு வருஷம் முன்பு ஓய்வு பெற்றாள். கரைசல் அறைச் சாவியை அன்றுதான் திருப்பித் தந்தாள்.

இப்போது அது உங்களிடம் இருக்கிறது. தொட்டியில் உரத்தை நிறுத்துகிற அன்று முதலில் சாக்பீஸை எடுத்துப் பலகையில் எத்தனை நாள் என்று எழுதுங்கள். பக்கத்தில் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு ஏன் என்று சொல்லுங்கள். சிரித்த பெண்ணே, நீ கேட்டது சரிதான், பாசிக்குப் படிக்கத் தெரியாது. அதன் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியும்.